தேள் கொட்டிய திருடன் கத்தும்போது

1983ல் யுனிவர்சல் ஸ்டூடியோ தன் பழைய கடைகளை வரிசையாகத் தூசிதட்டித் திறந்தது. பிப்ரவரியில் 'தி ஸ்டிங் 2', அடுத்து 'சைக்கோ 2', 'ஜாஸ்' படத்தின் மூன்றாம் பாகம் (கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கும் முப்பரிமாணத்தில்), கடைசியாக 'ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்' மூன்றாம் பாகம். எல்லாம் ஒரே வருடத்தில், ஒரே கம்பெனியிடமிருந்து. ஓடிய படத்தின் பெயர் வங்கியில் போட்ட டெபாசிட் மாதிரி, வட்டி எடுத்துக்கொண்டே இருக்கலாம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கு நமக்குப் புதுசில்லை. இன்று வாராவாரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த நான்கில் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத ஒன்றைப் பற்றித்தான் எழுத வந்தேன். 'தி ஸ்டிங் 2' வசூலில் தோற்றது. விமர்சகர்கள் கழுவி ஊற்றினார்கள். முதல் பாகத்தின் ரசிகர்களில் பலருக்கு இப்படி ஒரு இரண்டாம் பாகம் இருக்கிறது என்பதே தெரியாது. நான் இதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். மட்டமான படம் என்று தள்ளிவிட முடியவில்லை. நன்றாக நடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், முதல் பாகத்தை எழுதிய அதே டேவிட் எஸ். வார்ட்தான் இதையும் எழுதியிருக்கிறார், ஸ்காட் ஜாப்ளினின் ராக்டைம் மெட்டுகள் இதிலும் கேட்கின்றன. ஆனாலும் படம் ஒரு இடத்தில் உடைந்திருக்கிறது. அது எந்த இடம் என்று தேடிப் போனால், எத்துவேலை என்றால் என்ன என்பதே வேறு மாதிரி புரிய ஆரம்பிக்கிறது.

முதலில் முதல் பாகம். 1973ல் ஜார்ஜ் ராய் ஹில் இயக்கியது. பத்து ஆஸ்கர் பரிந்துரைகள், சிறந்த படம் உட்பட ஏழு விருதுகள், 15 கோடி டாலருக்கும் மேல் வசூல். கதை நடப்பது 1936ல். ஜானி ஹூக்கர் (ராபர்ட் ரெட்ஃபோர்ட்) தெருவில் சின்னச் சின்ன ஏமாற்று வேலை செய்கிற பையன். தன் குருவான லூதரோடு சேர்ந்து ஒரு ஆளிடம் பணத்தை அடிக்கிறான். அந்தப் பணம் டாயல் லோனகன் (ராபர்ட் ஷா) என்ற பெரிய தாதாவுடையது என்பது அப்புறம்தான் தெரிகிறது. லூதரைக் கொன்றுவிடுகிறார்கள். ஹூக்கர் சிகாகோவுக்கு ஓடி, ஹென்றி கான்டார்ஃப் (பால் நியூமன்) என்ற பழுத்த எத்தனிடம் போய் நிற்கிறான். லோனகனுக்கு நாமம் போடணும். அதுதான் பழிவாங்கல். துப்பாக்கி கிடையாது.

நியூமன் அறிமுகமாகும் இடம் எனக்குப் பிடித்தது. குடித்துவிட்டுக் குப்புறக் கிடக்கிறார். நீ பெரிய ஆள்னு சொன்னாங்களே என்று பையன் முகம் சுருங்குகிறது. ஆனால் எழுந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் அவர் வைக்கும் நிபந்தனையில்தான் படத்தின் மொத்த முதுகெலும்பும் இருக்கிறது. பணத்தை வாங்குவதோடு வேலை முடியாது. வாங்கிய பிறகும் தான் ஏமாந்தோம் என்று லோனகனுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அவன் சாகும்வரை தேடிக்கொண்டு வருவான்.

இதை நாம் ஒரே வரியில் சொல்லிவிடுவோம்: திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி. இருட்டில் அடுத்தவன் வீட்டுக்குள் நிற்கிறவனைத் தேள் கொட்டினால் அவன் வாயைத் திறந்து கத்த முடியாது. கத்தினால் மாட்டிக்கொள்வான். படத்தின் பெயரே கொடுக்கால் கொட்டுவது என்றுதான் பொருள்படும். இந்தப் பழமொழி ஹாலிவுட்டுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் டேவிட் வார்ட் எழுதியது அச்சு அசலாக இதைத்தான்.

ரயிலில் நடக்கும் சீட்டாட்டத்தைப் பாருங்கள். லோனகன் ஏமாற்றி ஆடுகிறவன். சீட்டுக்கட்டையே மாற்றி, எதிராளிக்கு நாலு மூணு, தனக்கு நாலு ஒன்பது வருகிற மாதிரி செய்துவைத்திருக்கிறான். கான்டார்ஃப் குடிகாரன் போல நடித்துக்கொண்டு, லோனகன் பெயரையே தப்புத்தப்பாக உச்சரித்துக்கொண்டு, எரிச்சலைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் சீட்டைப் பிரித்தால் நாலு ஜாக்கி. லோனகனுக்குத் தெரியும், இது நான் கொடுத்த சீட்டு இல்லை. ஆனால் என்ன சொல்லிக் கத்துவான்? இந்த ஆள் என்னைவிட நல்லா ஏமாத்துறான் என்றா? மேஜையைச் சுற்றி நாலு பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். தேள் கொட்டிவிட்டது, வாயைத் திறக்க முடியாது. ராபர்ட் ஷாவின் முகம் அந்த நேரத்தில் கல்லாகிறது பாருங்கள், முழுப் படத்தையும் அந்த முகத்துக்காகவே திரும்பப் பார்க்கலாம். (ஷா படப்பிடிப்புக்கு முன்னால் காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டிருந்தார். அதையே பாத்திரத்தின் நொண்டலாக வைத்துக்கொண்டார்கள். தாதாவுக்கு அது எவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டது!)

அந்த ஆட்டம் ஒரு சின்ன மாதிரிதான். கிளைமாக்ஸில் அதே விஷயம் பெரிய அளவில் நடக்கிறது. குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் ஒரு பொய்க்கடை. உள்ளே இருக்கும் காசாளர், வாடிக்கையாளர், பந்தய வர்ணனையாளர் எல்லோருமே எத்தர்கள். லோனகன் ஐந்து லட்சம் டாலரைக் கட்டுகிறான். அதையும் தப்பான இடத்தில் கட்டுகிறான். குதிரை இரண்டாவதாக வரும் என்பது சேதி, அவனோ ஜெயிக்கும் என்று கட்டிவிட்டான். பதறி எழும் நேரத்தில் எஃப்.பி.ஐ. உள்ளே நுழைகிறது, துப்பாக்கிகள் வெடிக்கின்றன, ஹூக்கரும் கான்டார்ஃபும் வாயில் ரத்தம் வழிய விழுகிறார்கள். லோனகனின் பணம் உள்ளேயே கிடக்கிறது. ஆனால் ரெண்டு பிணமும் அங்கேதான் கிடக்கிறது, வா என்று ஒரு போலீஸ்காரன் அவனை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவன் போனதும் பிணங்கள் எழுந்து வாயைத் துடைத்துக்கொள்கின்றன. எஃப்.பி.ஐ.யும் பொய்.

லோனகன் தன்னை யாரும் ஏமாற்றியதாக நினைக்கவில்லை. ஒரு கொலை நடந்த இடத்திலிருந்து நல்லவேளை தப்பித்தோம் என்றுதான் நினைக்கிறான். கொட்டின தேளுக்கே நன்றி சொல்லிவிட்டுப் போகிற திருடன்.

இது வார்ட் கற்பனையில் முளைத்தது இல்லை. டேவிட் மோரர் என்று ஒரு மொழியியலாளர் இருந்தார். குற்றவாளிகளின் குழூஉக்குறிகளைச் சேகரிப்பது அவர் வேலை. 1940ல் 'தி பிக் கான்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். சொல் பொறுக்கப் போனவர் தொழிலையே முழுசாக எழுதிக்கொண்டு வந்துவிட்டார். பெரிய கடை என்று எத்தர்கள் அழைத்த பொய்க்கடை, ஆளைப் பிடித்து வருபவன், உள்ளே இருந்து பேசுபவன், பந்தய முடிவு வரும் தந்தியைத் தாமதப்படுத்துவதாகச் சொல்லும் வித்தை, கோழி ரத்தம் நிரப்பி வாயில் அடக்கிக்கொள்ளும் சின்னப் பை, எல்லாம் அதில் இருக்கிறது. கான்டார்ஃப் என்ற பெயர்கூட அங்கே உண்டு. நியூயார்க்கில் தொழில் செய்த சார்லி, ஃப்ரெட் என்ற நிஜமான சகோதரர்கள். படம் ஓடியதும் மோரர் வழக்குப் போட்டார், 1976ல் சமரசமாக முடிந்தது. எத்தர்களைப் பற்றிய படத்தின் மேலேயே சொத்தைத் திருடியதாக வழக்கு.

எத்தர்கள் பணம் வாங்குவதில் எவ்வளவு உழைத்தார்களோ அதே அளவு ஆளை அனுப்பிவைப்பதிலும் உழைத்தார்கள் என்பது மோரரைப் படித்தால் தெரிகிறது. ஏமாந்த ஆடு அமைதியாக வீடு போய்ச் சேரணும். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1952ல் எழுதிய கட்டுரை ஒன்று இதையே பிடித்துக்கொண்டு, தோற்றவனை ஆற்றி அனுப்பும் வேலை எத்தர்கள் உலகத்துக்கு வெளியேயும் எங்கெல்லாம் நடக்கிறது என்று விரிக்கிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவன், காதலில் நிராகரிக்கப்பட்டவன் என்று. இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு பாப்போம் என்று உங்களிடம் யாராவது இதமாகச் சொல்லியிருந்தால் உங்களுக்கும் அது நடந்திருக்கிறது.

இப்போது இரண்டாம் பாகத்துக்கு வரலாம்.

காலம் 1940. கான்டார்ஃப் சிறையிலிருந்து வெளியே வருகிறார். கிட் கலர்ஸ் என்ற பழைய கூட்டாளி கொல்லப்பட்டிருக்கிறான். ஹூக்கரைச் சேர்த்துக்கொண்டு மகலின்ஸ்கி என்ற சூதாட்டப் பெருந்தலைக்குக் குறிவைக்கிறார். ஹூக்கரைக் குத்துச்சண்டை வீரனாக வேஷம்கட்டி, ஒரு போட்டியின் மேல் மகலின்ஸ்கியைப் பெரும்பணம் கட்டவைப்பது திட்டம். நடுவில் வெரோனிகா என்ற பெண். அவள் யார் பக்கம் என்பது காட்சிக்குக் காட்சி மாறும். இதெல்லாம் சரி. ஆனால் பின்னால் நிழலில் இருந்து நூலை இழுத்துக்கொண்டிருப்பது யார் தெரியுமா? லோனகன். முதல் பாகத்தில் தன்னை ஏமாற்றியவர்களைப் பழிவாங்க வந்திருக்கிறான்.

படம் உடைந்திருக்கிற இடம் இதுதான். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்று படம் கவலைப்படவில்லை. ஆனால் தெரிந்துவிட்டதென்றால், 1973ல் நாம் கைதட்டியது எதற்கு? அவனுக்குத் தெரியவே கூடாது என்பதுதானே நியூமன் போட்ட ஒரே நிபந்தனை. இரண்டாம் பாகம் வரணும் என்றால் வில்லன் திரும்பி வரணும், வில்லன் திரும்பி வரணும் என்றால் அவனுக்கு உண்மை தெரிந்திருக்கணும். அப்படியானால் முதல் பாகத்தின் வேலை தோற்றுப்போயிருக்கணும். சாதாரணமாக மோசமான இரண்டாம் பாகம் தன்னை மட்டும்தான் கெடுத்துக்கொள்ளும். இது பின்னோக்கிப் போய் அந்த இரண்டு பிணங்களையும் மறுபடி கொல்கிறது. தேள் கொட்டிய திருடன் பத்து வருடம் கழித்து வாசலில் நின்று கத்துகிறான்.

பெயர் விஷயத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஹென்றி கான்டார்ஃப் இங்கே ஃபார்கோ கான்டார்ஃப். ஜானி ஹூக்கர் இங்கே ஜேக் ஹூக்கர். லோனகன் மட்டும் அதே டாயல் லோனகன். அதே ஆட்களா, உறவுக்காரர்களா, பெயர் மாறியவர்களா? சிலர் இதை வைத்து, இது வேறு ஆட்கள், முதல் பாகத்துக்குச் சேதாரம் ஒன்றுமில்லை என்று வாதாடுகிறார்கள். எனக்கு இது சாமர்த்தியமான வக்கீல் பேச்சாகத்தான் படுகிறது. போஸ்டரில் பழைய பெயரை வைத்து டிக்கெட் விற்றுவிட்டு, கேள்வி கேட்டால் பத்திரத்தில் இனிஷியல் வேற சார் என்பது.

குத்துச்சண்டையைத் தேர்ந்தெடுத்தது தப்பில்லை. பழைய எத்தர்களிடம் அப்படி ஒரு வித்தை இருந்தது. முன்பே முடிவு பேசிவைத்த சண்டை, பணம் கட்டிய ஆடு, நடுவில் வீரன் ஒருவன் வாயில் ரத்தம் கக்கிச் செத்து விழுகிறான், சட்டவிரோதச் சண்டையில் கொலை நடந்துவிட்டதே என்று ஆடு பணத்தை விட்டுவிட்டு ஓடுகிறது. ரத்தப் பை பிறந்த இடமே அதுதான். ஆனால் அது பூட்டிய அறைக்குள், எத்தர்கள் மட்டுமே கூட்டமாக நிற்கும் இடத்தில் நடப்பது. படத்தில் வருவது அரங்கமும் கூட்டமுமாக ஒரு பகிரங்கமான போட்டி. நான்கு சுவரும் நம்முடையது என்கிற அந்த மூச்சுமுட்டும் சுகம் போய்விடுகிறது. முதல் பாகத்தில் பொய்க்கடையைக் கட்டுவதையே நாம் பார்க்கிறோம். கரும்பலகை வருகிறது, மது மேஜை வருகிறது, ஆளுக்கு ஆள் தேர்வு நடக்கிறது. ஒரு சினிமா செட் போடுவதுபோலவே இருக்கும், அந்தச் சிகாகோவே பெரும்பாலும் யுனிவர்சலின் பின்கட்டில் போட்ட செட்தான். எத்தர்களும் சினிமாக்காரர்களும் ஒரே தொழில் என்று படம் கண்ணடித்துக்கொண்டே போகும். இரண்டாம் பாகத்தில் அந்தக் கண்ணடிப்பு இல்லை.

ஆனாலும் ஜாக்கி க்ளீசனை விட்டுக்கொடுக்க மனசில்லை. நியூமன் நடித்த பாத்திரத்தில் இவரா என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். 1961ல் 'தி ஹஸ்ட்லர்' படத்தில் நியூமனுக்கு எதிரே பில்லியர்ட்ஸ் மேஜையில் நின்றவர் இவர்தான். மினசோட்டா ஃபேட்ஸ். நியூமன் குதித்துக்கொண்டு, பேசிக்கொண்டு, குடித்துக்கொண்டு ஆடுவார். க்ளீசன் நடு இரவில் முகம் கழுவி, கோட்டைச் சரிசெய்துகொண்டு, புதிதாய்ப் பிறந்தவர் மாதிரி வந்து நிற்பார். முதல் இரவின் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு லேசாக நகர்வதை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. 'ஸ்டிங் 2'ல் அவர் அறுபதுகளின் நடுவில் இருக்கிறார். தொப்பியும் கோட்டும் போட்டு அறைக்குள் வரும்போது அந்தப் பழைய லேசு இன்னும் இருக்கிறது. சொல்லப்போனால், சிறையிலிருந்து வந்த கிழட்டு எத்தன் என்பதற்கு நியூமனின் நீலக் கண்ணைவிட இந்தக் களைத்த முகம்தான் பொருத்தம். படம் அவரை மட்டும் நம்பியிருந்தால் வேறு கதையாகியிருக்கலாம். மேக் டேவிஸ் நல்ல பாட்டுக்காரர், எல்விஸுக்குப் பாட்டு எழுதியவர், ஆனால் ரெட்ஃபோர்டிடம் இருந்த அந்த அடிபட்ட நாய்க்குட்டித்தனம் இவரிடம் இல்லை. டெரி காருக்குக் கொடுத்த வேலை குறைவு. கார்ல் மால்டன் ரசித்துக் கத்துகிறார். ஆலிவர் ரீட் லோனகனாக மெதுவான குரலில் மிரட்டுகிறார். அந்தக் குரல் நன்றாக இருக்கிறது, அந்தக் குரலுக்கு இந்தக் கதையில் இருக்க உரிமை இல்லை என்பதுதான் என் பிரச்சினை.

இதுவரை சொன்னது லோனகனின் கதை. நம் கதை ஒன்று இருக்கிறது. ஏமாந்தவர்களில் நாமும் உண்டு இல்லையா?

நண்பன் ஒருவனுக்கு இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாள் போட்டுக்காட்டினேன். முதல் படத்தில் எஃப்.பி.ஐ. பொய் என்று தெரிந்ததும் எழுந்து நின்று சிரித்தான். இரண்டாவதில் இருபது நிமிஷத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டான். இவ நல்லவ இல்ல. இவன் செத்திருக்க மாட்டான். இது நடிப்பு. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் எதுவோ ஒன்று சரியாகத்தான் வரும். சரியாக வந்தபோது அவன் சந்தோஷப்படவில்லை. போனை எடுத்துவிட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் நம்மை ஏமாற்ற முயற்சி செய்கிறார்கள்! பார்சல் வந்திருக்கு, கேஒய்சி முடிஞ்சிருச்சு, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம். யாரையும் நம்பாதே என்பதுதான் நம் தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அந்தப் பாடத்தோடுதான் படத்துக்குள்ளும் போகிறோம். பிறகு படத்தில் நம்மை எது தொடும்?

முதல் பாகம் நம்மை ஏமாற்றியது தந்திரத்தால் மட்டும் இல்லை என்று இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எனக்குப் பட்டது. எஃப்.பி.ஐ. ஹூக்கரை மிரட்டி, கான்டார்ஃபைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறது. அவன் சம்மதிக்கிறான். நாம் ஏன் அதை நம்புகிறோம்? அவன் முகத்தில் இருக்கும் தனிமையால். கடைசி நாளுக்கு முந்தைய இரவு, ரெண்டு மணிக்கு, அதிகம் பழக்கமில்லாத ஒரு பரிமாறும் பெண்ணின் கதவைத் தட்டி, எனக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது என்கிற மாதிரி நிற்கிறான். அந்தத் தனிமை நிஜம். காட்டிக்கொடுப்பதுதான் பொய். நிஜமான வலியின் மேல் பொய்யான கதையைப் போர்த்தினார்கள், அதனால் போர்வையை உருவியபோதும் கையில் ஏதோ மிச்சமிருந்தது. (அந்தப் பெண்ணே அவனைக் கொல்ல வந்த கொலையாளி என்று மறுநாள் காலை தெரிவது இன்னொரு கொட்டு. ஆனால் முந்தின இரவு அவன் நின்ற நிலையை அது அழிப்பதில்லை.) இரண்டாம் பாகத்தில் போர்வைகள் ஏராளம், உருவ உருவ அடியில் இன்னொரு போர்வைதான்.

மோரர் தன் புத்தகத்தில் ஒரு வகை ஆட்டைக் குறிப்பிடுகிறார். ஒரு தடவை மொட்டை அடித்து அனுப்பிய பிறகும் பணம் திரட்டிக்கொண்டு திரும்பி வருகிறவர்கள். அதே கடை, அதே ஆட்கள், இந்தத் தடவை ஜெயித்துவிடலாம் என்கிற நம்பிக்கை. எத்தர்கள் வைத்த பெயர் 'அடிக்ட்'. இரண்டாம் பாகத்துக்கு டிக்கெட் வாங்கும் நாம் அவர்கள்தான். திரும்பவும் ஏமாறத் தயாராகத்தான் போகிறோம், கடைக்காரர்களுக்குத்தான் அது தெரிவதில்லை. சுவரை மட்டும் புதுசாகப் பூசிவைக்கிறார்கள்.

அதே 1983ன் ஜூனில் இன்னொரு நகைச்சுவைப் படம் வந்தது. ஜான் லாண்டிஸின் 'டிரேடிங் பிளேசஸ்'. ஃபிலடெல்ஃபியாவின் பணக்காரக் கிழட்டுச் சகோதரர்கள் இருவர், மனிதனைச் செய்வது பிறப்பா சூழலா என்று ஒரே ஒரு டாலர் பந்தயம் கட்டி, இரண்டு பேர் வாழ்க்கையை இடம்மாற்றிவிடுகிறார்கள். சூதாடிகளில் இவர்களைவிடக் கொடியவர்கள் யார்? அந்த இரண்டு பேரும், எட்டி மர்ஃபியும் டான் அக்ராய்டும், சேர்ந்து திருப்பி அடிக்கிறார்கள். கிழவர்கள் ஆரஞ்சு விளைச்சல் பற்றிய அரசாங்க அறிக்கையைத் திருடி முன்கூட்டியே பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவர்கள் கைக்குப் போவது போலி அறிக்கை. நியூயார்க் சரக்குச் சந்தையில், பட்டப்பகலில், நூற்றுக்கணக்கானவர் நடுவில் 39 கோடி டாலருக்கு மேல் தோற்கிறார்கள். (திருடிய அரசாங்கத் தகவலை வைத்து வியாபாரம் செய்வதைத் தடுக்கும் ஒரு விதி 2010ல் அமெரிக்காவில் வந்தபோது அதற்கு எட்டி மர்ஃபி விதி என்றே செல்லப்பெயர் வைத்தார்கள்.) இது பெயரளவில் எதற்கும் இரண்டாம் பாகம் இல்லை. ஆனால் 'ஸ்டிங்' விட்ட இடத்திலிருந்து தொடங்கியது இதுதான். அடுத்த வருட ஆஸ்கரில் இசைத் தழுவலுக்காக 'ஸ்டிங் 2'க்கு லாலோ ஷிஃப்ரினும், இதற்கு எல்மர் பெர்ன்ஸ்டைனும் ஒரே பிரிவில் போட்டியிட்டார்கள். இரண்டுமே 'யென்டில்' படத்திடம் தோற்றன.

சந்தை மூடியதும் கிழவர்களில் ஒருவர், மார்ட்டிமர், இயந்திரங்களைத் திரும்ப ஓடவிடு என்று கத்துகிறார். தேள் கொட்டிய திருடன் இங்கேயும் கத்துகிறான்தான். தன்னை யார், எப்படிச் செய்தார்கள் என்றும் அவருக்குத் தெரியும். ஆனால் விளக்குகள் அணைந்து, தரையெல்லாம் காகிதம் சிதறிக் கிடக்கிறது. திருடிய அறிக்கை பொய்யாக இருந்தது என்று யாரிடம் புகார் கொடுப்பது?

அந்தப் படத்துக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. 1988ல் லாண்டிஸ் மர்ஃபியை ஆப்பிரிக்க இளவரசனாக வைத்து 'கமிங் டு அமெரிக்கா' எடுத்தார். ஓர் இரவு இளவரசன் தன்னிடமிருக்கும் பணக்கட்டைத் தெருவோரம் படுத்திருக்கும் இரண்டு கிழவர்களிடம் போகிறபோக்கில் கொடுத்துவிட்டு நடக்கிறான். பையைத் திறந்து பார்க்கிறார்கள். அதே சகோதரர்கள், அதே நடிகர்கள். சந்தோஷத்தில் ஒருவர் மற்றவரை எழுப்புகிறார், நாம் திரும்ப வந்துட்டோம் என்று. கொடுத்தவன் முகத்தை இருவரும் சரியாகப் பார்க்கவே இல்லை. மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும்.